காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கலையும் விளையாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கத்துக் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் பாட்டு, நடனம், ஓவியம், விளையாட்டு வகுப்புகள் தொடர்பாக வழி சொல்லும் வேலையில் இருக்கிறேன். ஒரே சந்தேகங்கள் ஆள் மாறி ஆள் மாறி வருகின்றன. பாதி பெற்றோர் கேட்பவை. மீதி, உதவ வருகிறவர்களும் வகுப்பு நடத்துகிறவர்களும் கேட்பவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். விதிகளும் தொகைகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் உரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சோற்றுக்கே வழியைக் காணோம். இதில் பாட்டும் ஆட்டமும் எதற்கு?

இதைக் கேட்பவர்களில் ஏழைப் பெற்றோர் குறைவு. தம் பிள்ளையைக் கீபோர்டு வகுப்பில் விட்டுவிட்டு வந்து நிற்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு என் பதில்: 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் கலை வாழ்க்கையில் பங்கேற்பதையும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா அதை 1992-ல் ஏற்றது. வயிறு நிறைந்த குழந்தைக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

பெற்றோரே கேட்டால் பதில் வேறு. பள்ளி நான்கு மணி வாக்கில் விடுகிறது. வீட்டு வேலைக்கோ மீன் ஏலத்துக்கோ கட்டட வேலைக்கோ போன அம்மா வீடு திரும்ப ஏழோ எட்டோ ஆகிறது. நடுவில் இருக்கும் அந்த நேரத்தைப் பிள்ளை எங்காவது, யாரோடாவது கழிக்கத்தான் போகிறது. பெயர் தெரிந்த ஒரு பெரியவர் பார்வையில் கழிக்கட்டும் என்பதே முதல் லாபம். மற்றதெல்லாம் பிறகு.

என் பையனுக்கு எட்டு வயது. காசு கட்டாமல் எங்கே சேர்க்கலாம்?

முதலில் விசாரிக்க வேண்டியது ஜவகர் சிறுவர் மன்றம். தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. 5 முதல் 16 வயது வரை சேரலாம். குரலிசை, பரதநாட்டியம், ஓவியம் போன்றவை பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் நடக்கும். இடத்துக்கு இடம் பாடங்கள் மாறும், சிலம்பம் போன்றவை உள்ள மன்றங்களும் உண்டு. ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணம் இருக்கும். தனியார் வகுப்பில் ஒரு மாதத்துக்குக் கேட்பதை இங்கே ஆண்டு முழுவதற்கும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது நூலகம். சென்னையில் 2010-ல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. உள்ளே போகக் காசில்லை. குளிரூட்டிய கூடம், சுத்தமான கழிப்பறை, குடிநீர். ஏப்ரல், மே மாதங்களில் ஒரே அறையில் ஐந்து பேர் வசிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதன் அருமை தெரியும். மாவட்ட விளையாட்டரங்குகளில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைகாலப் பயிற்சி முகாமும் உண்டு. ஏப்ரல் தொடக்கத்திலேயே போய்க் கேளுங்கள். அறிவிப்பு செய்தித்தாளில் வந்து உங்கள் கண்ணில் படுவதற்குள் பாதி முகாம் முடிந்திருக்கும்.

அரசு இசைப்பள்ளியில் சேர்த்துவிடலாமே?

எட்டு வயதில் முடியாது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் தமிழகத்தில் 17 இருக்கின்றன. வயது வரம்பு 12 முதல் 25. படிப்பு மூன்று ஆண்டு. குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு ஏழாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். நாதசுரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். மாணவர்களுக்கு மாதம் 400 ரூபாய் ஊக்கத்தொகையும் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

பலர் கவனிக்காத சங்கதி, இது பகல்நேரப் படிப்பு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இதற்கும் போக முடியாது. ஆகவே பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிப்பு ஓடவில்லை, கையில் தாளம் இருக்கிறது என்ற பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பள்ளியை நிறுத்திவிட்டு இதில் சேர்க்க வேண்டாம். மேற்கொண்டு படிக்கச் சென்னை, கோவை, மதுரை, திருவையாறு ஆகிய இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன.

அரசுப் பள்ளியிலேயே கலைத் திருவிழா நடக்கிறதே, வெளியே ஏன் அனுப்ப வேண்டும்?

கலைத் திருவிழா நல்ல ஏற்பாடு. 2022-23 கல்வியாண்டில் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். மாநில அளவில் வெல்பவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கும் அழைத்துப் போகிறார்கள். விமானமே ஏறாத குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை பாஸ்போர்ட் எடுப்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் திருவிழா என்பது மேடை. பயிற்சி எங்கே நடக்கிறது? ஓவியம், இசை, உடற்கல்வி, தையல் ஆகியவற்றுக்கு 2012-ல் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். பலர் வேலையை விட்டே போய்விட்டார்கள். மூன்று அரைநாளில் ஒரு பள்ளி முழுவதற்கும் அவர் எவ்வளவுதான் சொல்லிக்கொடுப்பார்? விளைவு, வெளியே கற்றுக்கொள்ள வசதியுள்ள பிள்ளை மேடையில் முன்னே நிற்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் நல்ல ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தால் அது அதிர்ஷ்டம். அவரை விடாதீர்கள், வேறு வகுப்பு தேவையில்லை.

இலவச வகுப்பு என்றுதான் சொன்னார்கள். பிறகு ஏன் செலவு வந்துகொண்டே இருக்கிறது?

கட்டணம் என்பது செலவின் ஒரு மூலைதான். பரதநாட்டியத்தை எடுத்துக்கொள்வோம். முதல் மாதம் பயிற்சிப் புடவை. கால் கொஞ்சம் பழகியதும் சலங்கை. ஆண்டு விழா வந்தால் உடை வாடகை, நகை செட், முடி, பூ, மேக்கப் போடுகிறவருக்குக் கூலி, அன்றைக்கு ஆட்டோ. பிறகு, "வீடியோ எடுத்தோம், ஆளுக்கு இவ்வளவு." ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னத் தொகை, ஒவ்வொன்றும் இரண்டு நாள் அவகாசத்தில் கேட்கப்படும். இரண்டு நாளில் பணம் புரட்ட முடியாத அம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அந்த வாரம் நிறுத்துவார். அடுத்த வாரம் வெட்கம். அதோடு சரி.

சேர்க்கும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த ஓராண்டில் வேறு என்னென்ன வாங்க வேண்டியிருக்கும்? ஆண்டு விழாவுக்கு என்ன செலவு, யார் ஏற்பார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். வகுப்பு நடத்துகிறவர்களுக்கு: உடைகளை வகுப்பின் சொத்தாக வாங்கிப் பெட்டியில் வையுங்கள். இடுப்பில் பட்டை வைத்துத் தைத்தால் மூன்று அளவுப் பிள்ளைகள் ஒரே உடையைப் போட முடியும்.

பஸ் காசுக்கு என்ன செய்வது?

பெண் பிள்ளை என்றால் கவலை குறைவு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அம்மாவும் மகளும் காசில்லாமல் போய் வரலாம். பையன்தான் மாட்டிக்கொள்கிறான். அவனுடைய இலவசப் பஸ் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே உள்ள தடத்துக்கு உரியது. ஞாயிற்றுக்கிழமை சீருடை இல்லாமல் வேறு தடத்தில் ஏறினால் கண்டக்டர் டிக்கெட் கேட்பார். கேட்பது அவர் வேலை.

ஆகவே பையன்களுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள வகுப்பே நிலைக்கும். தூரத்தில் எவ்வளவு சிறந்த பயிற்சியாளர் இருந்தாலும், மாதக் கடைசி வாரத்தில் பஸ் காசு இருக்காது. உதவ நினைப்பவர்களுக்கு நான் முதலில் கை காட்டுவது இந்தச் செலவைத்தான். யாருக்கும் இது பிடிப்பதில்லை. பஸ் டிக்கெட்டில் பெயர் பொறிக்க முடியாதல்லவா.

நன்றாக ஆரம்பிக்கிறார்கள், மூன்றாவது மாதம் பாதிப் பேர் வருவதில்லை. ஆர்வம் இல்லையா?

ஆர்வத்தைக் குறை சொல்லும் முன் வாசலைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஓவிய வகுப்புக்கு வரும் பெண் தன் இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வருவாள். வேறு வழியில்லை, சனிக்கிழமை அவள்தான் வீட்டில் பெரியவள். சில இடங்களில் "குழந்தையை விட்டுவிட்டு வா" என்பார்கள். இந்த ஓவிய வகுப்பின் ஆசிரியை தம்பிக்கு ஒரு பழைய செய்தித்தாளும் ஒரு மெழுகு வண்ணக் கட்டியும் கொடுத்து மூலையில் உட்கார வைத்தார். அவன் கட்டியைத் தின்றதுதான் அதிகம் என்றாலும் அக்கா ஒரு வகுப்பைக்கூட விடவில்லை.

இன்னொரு காரணம் பசி. அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022-லிருந்து காலை உணவு கிடைக்கிறது, மதிய உணவு பல காலமாக இருக்கிறது. விடுமுறை நாளில் இரண்டும் கிடையாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பந்தைத் துரத்த வரும் பிள்ளை ஒரு டீயோடு வந்திருக்கக்கூடும். தலைசுற்றி உட்காருகிறவனைச் சோம்பேறி என்று திட்டும் பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் வைத்துப் பாருங்கள், வருகைப் பதிவேடு தானாக நிறையும்.

படிப்பு கெட்டுவிடாதா? பத்தாம் வகுப்பு வேறு வருகிறது.

வாரத்துக்கு இரண்டு மாலை விளையாடியதால் யாரும் பத்தாம் வகுப்பில் தோற்றதில்லை. தேர்வுக்கு முந்திய இரண்டு மாதம் வகுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். அடியோடு நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் திரும்பி வருவது அரிது.

விளையாட்டுக்குப் பலனும் உண்டு. தமிழக அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் அவர்களுக்கென்று 500 இடங்கள். ஆனால் இதைச் சொல்லிப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். ஒதுக்கீட்டுக்கு வேண்டியது அங்கீகரிக்கப்பட்ட போட்டியின் சான்றிதழ். தெருமுனைப் போட்டியில் வாங்கிய கோப்பை அங்கே செல்லாது. நூறு பிள்ளை விளையாடினால் ஒன்றிரண்டு அந்த எல்லையைத் தொடும். மற்றவர்களுக்கும் அந்த மைதானம் வேண்டும்.

விளையாட்டு விடுதியில் சேர்த்தால் எல்லாவற்றையும் அரசே பார்த்துக்கொள்ளுமாமே?

உண்மை. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் தங்கும் இடம், சாப்பாடு, உடை, உபகரணம், பயிற்சி எல்லாம் இலவசம். 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்கிறவர்களைத் தேர்வுப் போட்டி வைத்து எடுக்கிறார்கள். கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும், விண்ணப்பம் இணையத்தில். பிறப்புச் சான்று, ஆதார் இரண்டிலும் பெயரும் தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று இப்போதே பாருங்கள். நன்றாக ஓடியும் இந்த ஒரு எழுத்துப் பிழையால் வெளியே நின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை வீட்டைவிட்டுப் போகிறது. விளையாட்டில் காயம் பட்டு ஒரு பருவம் விளையாட முடியாமல் போனால் மனம் உடையும். போகும் முன் ஒருமுறை அங்கே நேரில் போய், இருக்கிற பிள்ளைகளோடு பேசிவிட்டு முடிவெடுங்கள். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அதோடு விடுங்கள்.

பெண் பிள்ளையை அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயப்படுவது சரிதான். வெளிப்படையாகக் கேளுங்கள்: பெண் பயிற்சியாளரோ பொறுப்பாளரோ எப்போதும் இருப்பாரா? உடை மாற்றக் கதவு உள்ள அறை இருக்கிறதா? தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை? வெளியூர்ப் போட்டி என்றால் யார் உடன் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள்? தனியாக ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்துப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் உண்டா? இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படும் இடத்தில் சேர்க்காதீர்கள். மாதவிலக்கு நாட்களில் நாப்கின் எடுத்து வைத்திருக்கும் வகுப்புகளில் பெண் பிள்ளைகள் வராமல் நின்றுவிடுவது குறைவு; சின்னப் பெட்டி, பெரிய வித்தியாசம்.

தவறு நடந்தால் 1098 குழந்தைகள் உதவி எண். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். "வகுப்பின் பெயர் கெட்டுவிடும்" என்று பேசி முடிக்கப் பார்ப்பதும் குற்றம்.

காசிமாவின் கதையைப் பல அம்மாக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். கேரம் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் பலகையைச் சுற்றி நிற்பது பெரும்பாலும் ஆண்கள். ஒரு பெண் பிள்ளைக்கு அந்தப் பலகையில் இடம் கிடைக்க அப்பா துணை நிற்க வேண்டியிருந்தது.

பறை கற்றுக்கொடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைக்கு அது வேண்டாம் என்றால் தவறா?

தவறே இல்லை. சாவு வீட்டில் அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்ட தாத்தாவின் பேரன் அவன். அந்த வேலையிலிருந்து பிள்ளைகளை விடுவிக்கத்தான் அந்தக் குடும்பம் ஊரைவிட்டு வந்திருக்கும். வெளியிலிருந்து வரும் ஒருவர் "இது உங்கள் கலை, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்" என்று அவன் கையில் அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் திணிப்பது அழகல்ல. அதே ஆள் தன் மகளை வீணை வகுப்புக்கு அனுப்புவார்.

மறுபக்கமும் இருக்கிறது. பறையை விடுதலையின் இசையாக மேடையேற்றிய பெரிய இயக்கமே தமிழகத்தில் நடந்திருக்கிறது. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தீயில் வாட்டிய தோலில் முதல் அடி விழும்போது தன்னை மறக்கும் பிள்ளைகள் உண்டு. பிள்ளை கேட்டால் பெற்றோர் யோசிக்கலாம். வகுப்பு நடத்துகிறவர்கள் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் கலந்து உட்கார வைக்க வேண்டும். சேரிக்குப் பறை, மாடி வீட்டுக்கு வயலின் என்று பிரித்தால் பழைய கதையையே புதிய பேனரில் எழுதுவதாகும்.

அப்படியானால் பரதமும் கர்நாடக இசையும் நம் பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

ஏன் ஒட்டாது? ஒட்டாமல் இருப்பது கலையல்ல, அதைச் சுற்றியுள்ள பேச்சு. பாடும்போது உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பது, நிறத்தைப் பார்த்துக் கடைசி வரிசையில் நிறுத்துவது, சாப்பாட்டு டப்பாவில் மீன் இருந்தால் முகம் சுளிப்பது. 2015-ல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் தெருவிலேயே கர்நாடக இசையும் பரதமும் பறையும் ஒரே விழாவில் நடந்தன. கேட்கிறவர்களுக்கு ஒட்டியது. அரங்கேற்றம் வைக்காமல் பத்தாண்டு ஆடினாலும் ஆட்டம் ஆட்டம்தான். அரங்கேற்றத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று உண்டாமே?

உண்டு. கலாசார அமைச்சகத்தின் கீழ் டெல்லியில் இயங்கும் பண்பாட்டு வள மற்றும் பயிற்சி மையம் இளம் திறமையாளர்களுக்குக் கொடுப்பது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். நாடு முழுவதும் ஆண்டுக்கு 650 பேர். தொகை ஆண்டுக்கு 3,600 ரூபாய்; குருவுக்குக் கட்டும் கட்டணத்தில் ஆண்டுக்கு 9,000 ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். பரம்பரையாகக் கலையைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களுக்கும், பழங்குடிக் கலைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. தெருக்கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்; பலர் கேள்விப்பட்டதே இல்லை.

சிக்கல் என்னவென்றால், ஏற்கெனவே ஒரு குருவிடம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத்தான் இது உதவும். முதல் படியில் ஏற்றிவிடாது, இரண்டாம் படியிலிருந்து தூக்கிவிடும். முதல் படிக்கு மேலே சொன்ன சிறுவர் மன்றமே வழி.

25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படிக்கிறாள். நடன வகுப்புக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள், கட்டாவிட்டால் வெளியே உட்கார வைக்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 மத்திய விதிகள், இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளைப் பாடநூல், சீருடை, நூலகம், கணினி, பாடம் சாராத செயல்பாடுகள், விளையாட்டு ஆகிய எதிலும் மற்ற பிள்ளைகளிடமிருந்து பிரித்து நடத்தக்கூடாது என்கின்றன. பள்ளிகள் சொல்லும் சமாதானம், "அரசு எங்களுக்குத் திருப்பித் தருவது பாடக் கட்டணம் மட்டும், அதுவும் தாமதமாக." அந்தக் குறை உண்மையாகவே இருக்கட்டும். அதற்கு ஆறு வயதுப் பிள்ளை வராந்தாவில் உட்கார வேண்டியதில்லை.

வாய்ச் சண்டை வேண்டாம். பள்ளி முதல்வருக்கு எழுத்தில் கேளுங்கள்: என்ன கட்டணம், எதற்கு, ரசீது உண்டா? நகலை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஒரே வகுப்பில் இந்த ஒதுக்கீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், ஒரு பிள்ளையை மட்டும் குறி வைப்பது நடக்காது.

நான் உதவ நினைக்கிறேன். என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

பொருள் வாங்கும் முன் கேளுங்கள். நன்கொடையாக வந்த கீபோர்டுகள் அடாப்டர் இல்லாமல் பீரோ மேல் தூங்குவதைப் பல மையங்களில் காணலாம். ஓவிய வகுப்புக்குப் புதுப் பெட்டிகளாக வாங்கிக் குவிப்பார்கள். ஆனால் பெட்டியில் முதலில் தீர்வது நீலமும் கறுப்பும் பழுப்பும்தான். வானம், தலைமுடி, தோல். அந்த மூன்று வண்ணத்தைத் தனியாக வாங்கிக் கொடுப்பவர் அரிது.

காலணி கொடுப்பதானால் பிள்ளையின் கால் அளவைக் கேட்டு வாங்குங்கள். வியாசர்பாடியில் அண்ணனும் தம்பியும் ஒரே ஜோடிக் கால்பந்துக் காலணியில் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். காலையில் பெரியவனின் ஆட்டம். மத்தியானம் தம்பி முனையில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக்கொண்டு இறங்குவான். இரண்டாவது ஜோடி வாங்கிக் கொடுக்க யாரும் முன்வரவில்லை என்றில்லை. வந்தவை எல்லாம் பெரியவர்கள் அளவு.

பணமாகக் கொடுக்க நினைத்தால் மாதா மாதம் கொடுங்கள், தொகை சிறிதாக இருந்தாலும். பஸ் காசு, பழம், வயலின் தந்தி, சலங்கை மணி தைக்கும் கூலி என்று செலவு மாதா மாதம்தான் வருகிறது. போட்டிக்கு வெளியூரோ வெளிநாடோ போக வேண்டிய பெரிய செலவு வந்தால் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்; 2023-ல் அரசு அதற்கென்றே தொடங்கியது.

பத்து ரூபாயாவது வாங்கினால்தானே மதிப்பு தெரியும்?

இந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, செயற்கைப் புல் பதித்த ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்க மன்றத்தில் தீர்மானம் போட்டது. அவற்றில் வியாசர்பாடி மைதானமும் உண்டு. ஊரே எதிர்த்ததும் உடனே திரும்பப் பெற்றார்கள். 120 ரூபாய் கொடுக்க முடிந்தவன் அந்த மைதானத்துக்கு வரவே மாட்டான், வேறு இடம் அவனுக்கு இருக்கிறது. கொடுக்க முடியாதவனுக்கு அதுதான் ஒரே இடம்.

பத்து ரூபாயும் அதே கதைதான், சின்ன அளவில். கொடுக்க முடியாத வாரத்தில் பிள்ளை வராது, காரணத்தையும் சொல்லாது. பொறுப்பு வர வேண்டுமானால் வேலை கொடுங்கள். பாய் விரிப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, தூரிகை கழுவுவது, புதிதாக வந்தவனுக்கு அடவு சொல்லிக்கொடுப்பது. முறை வைத்து எல்லாரும் செய்யட்டும், காசு உள்ளவன் இல்லாதவன் பேதமில்லாமல்.

யார் உண்மையில் ஏழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வசதியுள்ளவர்களும் வந்துவிடுகிறார்கள்.

வரட்டும். ஒரு வசதியான பிள்ளை நுழைந்துவிடக்கூடாது என்று வைக்கும் சல்லடையில் பத்து ஏழைப் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். வருமானச் சான்று வாங்க அம்மா ஒரு நாள் கூலியை இழந்து தாலுகா அலுவலகத்தில் நிற்க வேண்டும். உதவித்தொகைக்கு அது தேவை, தவிர்க்க முடியாது. சனிக்கிழமை ஓவிய வகுப்புக்கு எதற்கு?

இடம் குறைவு என்றால் அருகில் உள்ள அரசுப் பள்ளி ஆசிரியரிடமோ சத்துணவு அமைப்பாளரிடமோ கேளுங்கள். எந்த வீட்டில் என்ன நிலை என்று அவர்களுக்குத் தெரியும். வகுப்புக்குள் "நன்கொடைப் பிள்ளை", "கட்டணப் பிள்ளை" என்ற பட்டியல் ஆசிரியருக்கே தெரியாமல் இருப்பது உத்தமம்.

நன்கொடையாளர்கள் பிள்ளைகளின் படம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பிள்ளை ஆடும் படம், வரையும் படம், கோல் போட்டுவிட்டு ஓடும் படம் கொடுக்கலாம், பெற்றோரிடம் கேட்டுவிட்டு. கையில் பொருளை ஏந்தி, நன்கொடையாளர் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்க்கும் படம் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் அந்தப் படம் வகுப்புத் தோழர்களின் கைப்பேசியில் சுற்றும். பெயர், பள்ளி, தெரு மூன்றையும் சேர்த்துப் போடவே கூடாது. மறுத்தால் பணம் வராது என்று சொன்னால், பிள்ளைகள் வரைந்த ஓவியத்தை அனுப்பிப் பாருங்கள். பெரும்பாலும் வேலை நடக்கிறது. நடக்காவிட்டால் அந்தப் பணம் போகட்டும்.

திறமை இல்லாத பிள்ளையையும் வைத்திருக்க வேண்டுமா? இடம் வீணாகிறதே.

வசதியான வீட்டுப் பிள்ளை ஆறு ஆண்டு கீபோர்டு வாசித்து ஒரு பாட்டும் உருப்படியாக வராமல் விட்டுவிடுகிறது. யாரும் அதை வீண் என்பதில்லை, பொழுதுபோக்கு என்கிறார்கள். ஏழைப் பிள்ளை மட்டும் பதக்கம் வாங்கிக் காட்ட வேண்டுமா? சுருதி சேராமல் பாடுகிற பிள்ளை மகிழ்ச்சியாகப் பாடினால் அதற்கும் ஒரு பாய் போடுங்கள். போட்டிக்கு அனுப்பத் திறமையைப் பாருங்கள். சேர்க்க, வைத்திருக்க அதைப் பார்க்காதீர்கள்.

எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றப் போகிறார்கள். பிள்ளையின் வகுப்பு என்ன ஆகும்?

நகர நடுவிலிருந்து குடிசைகளை அகற்றிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பும்போது வீட்டு எண் தருகிறார்கள், பிள்ளை எந்த மைதானத்தில் ஆடியது என்று கேட்பதில்லை. பழைய வகுப்புக்கே வந்து போகலாம் என்று பலர் முயல்கிறார்கள். போக வர மூன்று நான்கு மணி நேரம். சில வாரத்துக்கு மேல் தாங்காது. அங்கேயே தேடுவதுதான் வழி. தேடினால் கிடைக்கிறது: கண்ணகி நகரில் கபடி ஆடி வளர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடினார்.

கிளம்பும் முன் பயிற்சியாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: எத்தனை ஆண்டு கற்றது, எந்த நிலை, எந்தெந்தப் போட்டி. சான்றிதழ்களை நகல் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் துணி மூட்டையில் சேராமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது முதலில் தொலைவது அவைதான். கண்ணகி நகர் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது, பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். முதலமைச்சர் கோப்பை விளையாட்டுப் போட்டிக்கோ கலைத் திருவிழாவுக்கோ இனி எந்த மாவட்டத்தின் பெயரில் பதிய வேண்டும் என்பதைப் புதிய பள்ளியில் சேர்க்கும் நாளன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.